சிஸ்டரக்காவின் மலையேறும் வண்டி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது நோயாளிகள் சிஸ்டர் என்றார்கள். வீட்டில் தங்கை அக்கா என்றாள். எப்போதோ இரண்டும் ஒட்டிக்கொண்டு சிஸ்டரக்கா ஆகிவிட்டது. "ஒரே உறவை ரெண்டு பாஷையில ரெண்டு தடவ சொல்றாங்க, ஒரு தடவ கூப்பிட்டாலே எனக்குக் காது கேக்கும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் "நேரம் கிடைக்கல" என்பாள். அதில் பாதி உண்மை. அம்மா படுத்த படுக்கையானபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்து, தங்கையைப் படிக்க வைத்து, அவளை ஒருவன் கையில் ஒப்படைத்துவிட்டு நிமிர்ந்தபோது காதோரம் நரைத்திருந்தது. அதற்காக யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு வாங்கியதும் இல்லை. செருப்பு வாங்கினால்கூட வார்டில் நிற்பதற்குத் தோதாக இருக்கிறதா என்று பார்ப்பாளே தவிர, காலுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்த்தவள் அல்ல.

அவள் வேலை பார்த்த வார்டை மூடியபிறகு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். எழுந்து நடமாட முடியாதவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, முதுகைப் புரட்டிப் பார்ப்பது. ஊருக்கு மேலே மலைச்சரிவு நெடுக வீடுகள் சிதறிக் கிடந்தன. பாதி தூரம்வரை தார்ச்சாலை. அதற்கு மேல் மண்ணும் கல்லும்தான். அவளிடம் இருந்த சின்னக் கார் வெயில் நாளில் முக்கி முனகி ஏறிவிடும். மழை பெய்தால் பாதி வழியில் பின்வாங்கிவிடும்.

மேலே கடைசி வீட்டில் ஒரு டீச்சர் இருந்தாள். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, மார்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவள் கணவர் தச்சர். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் கதவும் நாற்காலியும் செய்துகொண்டே அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மழைநாள் மதியம் தச்சர் போன் செய்தார். குழாய் அடைத்துக்கொண்டது, வயிறு கல்லாக இருக்கிறது, ஆள் வியர்த்துக் கொட்டுகிறாள் என்றார். இப்படி முதுகெலும்பு அடிபட்டவர்களுக்குக் குழாய் அடைத்தால் ரத்த அழுத்தம் தலைக்கு ஏறிவிடும். சிஸ்டரக்கா பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தார்ச்சாலை முடிந்த இடத்தில் கார் சேற்றில் வழுக்கி ஓரத்துப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. இறங்கி நடந்தாள். நடந்தாள் என்ன, பாதி வழி தவழ்ந்தாள். வீட்டுக்குள் போனபோது டீச்சரின் முகம் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. குழாயை மாற்றியதும் மெல்ல மெல்லத் தணிந்தது.

ஏன் இவ்வளவு நேரம் என்று டீச்சர் கேட்டிருந்தால் பரவாயில்லை. வழக்கம்போல் எதையாவது குத்தலாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சேறும் சகதியுமாக நின்றவளைப் பார்த்து, "வந்துட்டீங்கல்ல, அது போதும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அதைத்தான் சிஸ்டரக்காவால் தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும்.

கீழே இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும். புதியது வாங்க வசதி இல்லை. பழையதுதான்.

இதை யாரிடம் கேட்பது என்பதுதான் சங்கடம். குடும்பத்தில் வண்டி விஷயம் என்றால் தங்கையின் கணவன்தான். கூரியர் ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. ஆனால் சட்டைப்பையில் பேனாவைவிட ஸ்பேனர்தான் அதிகம் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவன் ஸ்பேனர். வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டினான். அன்றுமுதல் அது துவைக்கும்போது அறை முழுக்க நடைபழகியது. மிக்சியைக் கழற்றினான், மாட்டியபிறகு மூன்று திருகு மிச்சம். "கம்பெனிக்காரன் தேவையில்லாம அதிகமா போட்டிருக்கான்" என்றான். அவன் வாயைத் திறந்தாலே வீட்டில் சிரிப்பு கிளம்பிவிடும். அவனும் கூடச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவனுக்கு எங்கேயாவது உறைக்கிறதா என்று யாரும் நின்று பார்த்ததில்லை.

ஆகவே சிஸ்டரக்கா அவனிடம் மூச்சுவிடாமல் பழைய வண்டி விற்கும் கடை ஒன்றுக்குத் தனியாகப் போனாள்.

அங்கேதான் அதைப் பார்த்தாள். கரும்பச்சை நிறம். சதுர முகம். உருண்டையான இரண்டு விளக்குகள் கொஞ்சம் வியப்போடு பார்ப்பதுபோல் இருந்தன. பின்கதவில் ஃபோர் வீல் டிரைவ் என்று வெள்ளி எழுத்து. உள்ளே வழக்கமான கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கியர். அதை இழுத்தால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். மென்மையாகப் பேசுகிற மனிதர். பேசிக்கொண்டே கையில் ஒரு துணியால் வண்டியை எங்கேயாவது துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குன்னே நிக்குதும்மா இது. நேத்துகூட ஒருத்தர் கேட்டாரு. எனக்குக் குடுக்க மனசு வரல."

இந்த வசனத்தை அவர் எல்லோரிடமும் சொல்வார் என்று அவளுக்குப் புரியாமலில்லை. ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது, உள்ளே ஏதோ இளகியது. தெருவில் ஒரு சுற்று ஓட்டினாள். உயரத்திலிருந்து உலகம் வேறு மாதிரி தெரிந்தது. கடைக் கண்ணாடியில் தன்னையும் வண்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்ததும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டாள். அடியில் குனிந்து பார்க்கவில்லை. ஒரு நோயாளியின் முதுகைப் புரட்டிப் பார்க்காமல் நலமாக இருக்கிறார் என்று எழுதமாட்டாள். வண்டி விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

"ரெண்டு நாள் வீட்ல வச்சுப் பாருங்க. எல்லாருக்கும் காட்டுங்க. அப்புறம் மிச்சத்தப் பேசிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாள். தங்கை ஓடிவந்து, "அக்கா! இது நீதானா?" என்று வாயைப் பிளந்தாள். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டரக்காவின் முகம் பளபளத்ததைத் தங்கை கவனித்தாள். அப்படி ஒரு பளபளப்பை அவள் அந்த முகத்தில் கண்டதே இல்லை.

ஸ்பேனர் வந்தவுடன் ஒரு அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டான். கால் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் தங்கை. "ஏங்க, அதுல ஒண்ணையும் கழட்டி வச்சிராதீங்க. அக்கா இன்னும் முழுப் பணம் குடுக்கல."

நெடுநேரம் கழித்து ஊர்ந்து வெளியே வந்தான். நெற்றியில் கறுப்பு எண்ணெய். எப்போதும் இருக்கிற இளிப்பு இல்லை.

"அக்கா, இதுல முன்னாடி போற ஷாஃப்ட் இல்லையே."

"என்னது இல்ல?"

"என்ஜின் சுத்துறத முன் சக்கரத்துக்குக் கொண்டுபோற இரும்புத் தண்டு. பின்னாடி போறது இருக்கு. முன்னாடி போறத யாரோ கழட்டிட்டாங்க. நீங்க அந்தக் குட்டிக் கியர எவ்வளவு இழுத்தாலும் முன் சக்கரம் சும்மாதான் நிக்கும்."

தங்கை சிரித்துவிட்டாள். "மூணு திருகு மிச்சம் வச்ச ஆளு, இப்ப வண்டியில தண்டு இல்லங்கிறாரு!"

சிஸ்டரக்கா சிரிக்கவில்லை. கோபம்தான் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மனசுக்குப் பிடித்து ஒன்றை எடுத்தால் அதிலும் வந்து மூக்கை நுழைக்க வேண்டுமா? "தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கடைக்காரர் முப்பது வருஷமா வண்டி விக்கிறவர்" என்றாள். அவள் இவ்வளவு கடுமையாகப் பேசி அவன் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அட்டையை மடித்தான். பிறகு, "சேத்துல ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்க்கா. நான் சொல்றது தப்புன்னா நாளையிலருந்து ஸ்பேனரத் தொடல" என்றான்.

மறுநாள் காலை செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த களிமண் பள்ளத்துக்குப் போனார்கள். சிஸ்டரக்கா குட்டைக் கியரை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றுக்குள் விட்டாள். ஐந்தாறு முழம் போயிருக்கும். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டுச் சுழன்று, சேற்றை வாரி வானத்துக்கு வீசின. ஸ்பேனர் வெளியே முட்டுவரை சேற்றில் நின்று முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. சாப்பிட்டு முடித்த விருந்தாளி மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் அமுக்குங்கக்கா" என்று கத்தினான். அமுக்கினாள். வண்டி இன்னும் ஆழமாகப் புதைந்தது.

அவள் என்ஜினை அணைத்தாள். இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் சேற்றில் தொப்புத் தொப்பென்று நடந்து ஜன்னலருகே வந்தான். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள். அதைச் சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"நான் சொன்னது தப்பா இருக்கணும்னு ராத்திரியெல்லாம் நினைச்சுக்கிட்டேன்க்கா" என்றான் அவன். "நேத்து உங்க மூஞ்சியப் பாத்தப்புறம் எனக்கு வாயத் தொறக்கவே மனசில்ல. ஆனா இத நம்பி நீங்க மழையில மேல போவீங்க. அதான்."

இத்தனை வருஷமாக இவனைத் தங்கைக்கு வாய்த்த ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தாள். "தம்பி, நேத்து நான் பேசினத மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

"மனசுல வச்சுக்கலக்கா. இப்ப இத வெளிய எடுக்கிறது எப்படின்னுதான் பாக்கிறேன்."

சூளையிலிருந்து நாலைந்து பேர் வந்து தள்ளினார்கள். ஒரே மூச்சாகத் தள்ளியதில் வண்டி வெளியே வந்தது. ஸ்பேனர் குப்புற விழுந்தான். எழுந்தபோது சுடாத செங்கல் மாதிரி இருந்தான். கண் இரண்டும் பல்லும் மட்டும் தெரிந்தன. சிஸ்டரக்காவுக்கு முதலில் உதடு துடித்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். அவனும் சிரித்தான். இந்தமுறை அது ஒருவரைப் பார்த்து மற்றவர் சிரிக்கிற சிரிப்பாக இல்லை.

கடைக்காரர் முதலில் நம்பவில்லை. ஆளை விட்டு அடியில் பார்க்கச் சொன்னார். அந்த ஆள் வெளியே வந்து அவர் காதில் ஏதோ சொன்னபிறகு, துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. வாங்கினப்ப நானும் குனிஞ்சு பாக்கல" என்றார். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "வேற தண்டு போட்டுச் சரிபண்ணித் தர்றேன். வண்டிய விட்டுடாதீங்க."

அவளுக்கு ஆசை விடவில்லை. ஸ்பேனரைத் திரும்பிப் பார்த்தாள்.

"முடிவு உங்களோடதுக்கா. ஆனா கழட்டினவன் சும்மா கழட்டியிருக்க மாட்டான். உள்ள கியர் பெட்டியில ஏதோ உடைஞ்சு, சத்தம் போட்டு, செலவுக்குப் பயந்துதான் கழட்டியிருப்பான். தண்டப் போட்டா அந்தச் சீக்கு திரும்பி வரும்."

அவள் பச்சை வண்டியின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டு, "எனக்கு வேண்டாங்க. முன்பணத்தக் குடுத்துருங்க" என்றாள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். வாசலைத் தாண்டும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டியபிறகு ஒருமுறை பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க இருவருக்கும் வண்டி பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஸ்பேனர் ஒரு வண்டியிடம் போனதும் புறங்கையை முன்மூடியில் வைத்துப் பார்ப்பான். ஜுரம் பார்ப்பதுபோல. சூடாக இருந்தால், வாங்க வருகிறவர் வருமுன்னே ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டார்கள் என்று பொருள். ஆறின என்ஜின் முனகுவது தெரியக்கூடாது என்பதற்காக. அடியில் இருக்கும் சேஸிஸ் சட்டத்தின்மேல் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சிஸ்டரக்காவே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒன்றில் பெயிண்டோடு இரும்பும் அப்பளம்போல உதிர்ந்து வந்தது. ஒருவர் அடியில் பார்க்கவே விடவில்லை. "பொண்ணு பாக்க வந்தா பல்லப் பிடிச்சா பாப்பீங்க?" என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர் வண்டி நன்றாகத்தான் இருந்தது. விலை அவளுடைய கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தங்கை அலுத்துப்போனாள். "நீங்க ரெண்டு பேரும் வண்டி வாங்கப் போறீங்களா, இல்ல ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கப் போறீங்களா?" என்றாள். ஆனால் இருவருக்கும் ஃபிளாஸ்க்கில் டீ போட்டுக் கொடுத்து அனுப்பாமல் இருந்ததில்லை.

கடைசியில் கிடைத்தது நிலம் அளக்கும் ஒரு சர்வேயரின் வண்டி. ஓய்வு பெறப்போகிறவர். சாம்பல் நிறம் என்று சொல்லலாம். வெயிலில் வெளுத்து நிறமே இல்லை என்றும் சொல்லலாம். ஒரு கதவு வேறு வண்டியிலிருந்து மாட்டியது, வெள்ளையாக இருந்தது.

சர்வேயர் அவர்கள் கேட்பதற்கு முன்பே குறைகளை எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். "ஏசி செத்துப்போச்சு. இந்தப் பக்கத்துக் கண்ணாடி எறங்காது. பின்கதவ ஒரு உதை குடுத்தாதான் திறக்கும், இங்க, இந்த எடத்துல. எண்ணெய் கொஞ்சம் குடிக்கும். ரேடியோ ஒரே ஸ்டேஷன்தான் எடுக்கும், அதுவும் செய்தி மட்டும். அழகு கிழகெல்லாம் எதிர்பாக்காதீங்க."

"ஃபோர் வீல்?" என்றான் ஸ்பேனர், புறங்கையை முன்மூடியில் வைத்தபடி. சில்லென்று இருந்தது.

"ஏறிக்கங்க" என்றார் சர்வேயர்.

வீட்டுக்குப் பின்னால் உழுதுபோட்டு நீர் பாய்ச்சிய வயல். நேராக அதற்குள் இறக்கினார். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு எருமை நடப்பதுபோல அவசரமில்லாமல் நடந்து, எதிர் வரப்பில் ஏறி நின்றது. ஸ்பேனர் இறங்கி அடியில் பார்த்தான். அங்கே எல்லாம் பழையதாக, அழுக்காக, முழுசாக இருந்தது.

"நீங்க ஓட்டுங்கக்கா" என்றான்.

அவள் ஓட்டினாள். இருக்கையின் ஸ்பிரிங் முதுகில் குத்தியது. பச்சை வண்டியில் உள்ளே இளகியதே, அது இப்போது இல்லை. ஆனால் வரப்பில் ஏறும்போது பயமும் இல்லை. விலை அவள் வைத்திருந்ததற்குள் அடங்கியது. சாவியைக் கொடுத்தபிறகு சர்வேயர், "எங்கயாவது நின்னு போச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. நிக்காது. ஆனாலும் போடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டபோது சாம்பல் வண்டி மேல்வீட்டு வாசலில் போய் நின்றது. டீச்சர் படுக்கையிலிருந்தே கேட்டாள்: "என்னங்க சத்தம்? வீட்ட இடிக்க வந்துட்டாங்களா?"

"நான்தான் டீச்சர்."

"வண்டி சத்தம் கேட்டா இனிமே தலைவாரிக்கிறதுக்கு நேரம் இருக்கும். நல்லதுதான்."

மருந்து கட்டி முடிந்ததும் டீச்சர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதுல படுத்துக்கிட்டு வர முடியுமா?" என்று கேட்டாள், விளையாட்டாகக் கேட்பதுபோல. வாசற்படியில் செதுக்கிக்கொண்டிருந்த தச்சர் உளியைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார்.

அடுத்த வாரம் வண்டியின் பின்பக்கத்தில் சரியாகப் பொருந்துகிற ஒரு பலகைக் கட்டில் தயாராக இருந்தது. ஓரங்களில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, மேலே தடித்த மெத்தை. தச்சரும் ஸ்பேனரும் டீச்சரைத் தூக்கிப் படுக்கவைத்து வார் போட்டுக் கட்டினார்கள். சிஸ்டரக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவள்போல ஓட்டினாள். மலைமுகடுவரை போனார்கள். அங்கே பின்கதவைத் திறந்துவிட்டதும் கீழே ஊரும் ஆறும் தெரிந்தன. டீச்சர் அந்த வீட்டின் கூரையையும் ஜன்னலில் தெரிவதையும் தவிர வேறெதையும் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறது. நெடுநேரம் பார்த்தாள். தச்சர் மறுபக்கம் போய் நின்றுகொண்டு முகத்தைத் துடைத்தார். ஸ்பேனர் அவர் பக்கத்தில் போய்ப் பலகைக் கட்டிலின் மூட்டு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுப் பேச்சுக் கொடுத்தான்.

இது நடந்து காலம் ஆகிறது. வண்டி இன்னும் ஓடுகிறது. பச்சை நிறப் பெயிண்ட் அடிக்கலாமா என்று தங்கை கேட்டாள். சிஸ்டரக்கா வேண்டாம் என்றுவிட்டாள். மேல்பக்கத்து வீடுகளில் படுத்திருப்பவர்கள் இப்போது தேதி சொல்லி வரிசையில் நிற்கிறார்கள், யார் முதலில் முகட்டுக்குப் போவது என்று. ஸ்பேனரைப் பற்றி வீட்டில் ஜோக் அடிப்பது நிற்கவில்லை. மிக்சியும் இன்னும் திருகில்லாமல்தான் ஓடுகிறது. ஆனால் வண்டி என்று பேச்சு வந்தால் எல்லோரும் அவன் வாயைப் பார்க்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தபோது சிஸ்டரக்கா எடுக்கத் தாமதமானது. பின்னணியில் காற்று இரைந்தது.

"எங்கக்கா இருக்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு மேல போன?"

சிஸ்டரக்கா முகட்டில் நிறுத்திய வண்டியில், தச்சர் போட்டுக் கொடுத்த பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செருப்பு கீழே கிடந்தது. மருந்துப் பையை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"சும்மாதான்டி" என்றாள்.